எதைப் படித்தால் குப்பை குறையும்? – வாசகர் கேள்வி பதில்

இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வது பற்றிய புத்தகங்கள் குறித்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். நினைத்ததைவிட நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்தும், நீளமானவற்றைக் கொஞ்சம் கத்தரித்தும் இங்கே தருகிறோம்.

கேள்வி: வங்கியில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். குப்பையே இல்லாமல் வாழ்வது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கிப் படித்தேன். ஒரு குடும்பத்தின் ஒரு வருடக் குப்பை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அடங்கிவிடுகிறதாம். படித்து முடித்ததும் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சியது. தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: நீங்கள் சொல்வது பியா ஜான்சன் 2013இல் எழுதிய புத்தகமாகத்தான் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர். கெட்ட புத்தகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது அந்த ஊர்க் கடைகளையும் அந்த ஊர் வசதியையும் வைத்து எழுதப்பட்டது. பருப்பைச் சில்லறையாக அளந்து வாங்கப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போவதை அவர் ஒரு அத்தியாயமாக விளக்க வேண்டியிருக்கிறது, எண்ணெய்க்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போன நம் அம்மாக்களுக்கு அது ஒரு வரிகூடத் தேவைப்படாது. என் பெரிய மனக்குறை வேறு. இந்த வகைப் புத்தகங்கள் முழுப் பாரத்தையும் சமையலறையில் நிற்கிற ஒருத்தியின் தலையில் இறக்கிவைக்கின்றன. ஷாம்பு பாக்கெட் இருக்கிறதே, அதைச் சின்னதாகப் போட்டு விற்கும் வழியைப் பரவலாக்கியவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான். ஏழை வீட்டிலும் ஷாம்பு என்பது நல்ல எண்ணம், வியாபாரமும் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் தலை குளித்த பிறகு அந்தக் காலிப் பாக்கெட் எங்கே போகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இன்று பல அடுக்குப் பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பவருக்கே என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இதைச் சொல்லாமல் மூங்கில் பல்துலக்கி வாங்கச் சொல்லும் புத்தகத்தைப் பாதி விலைக்குத்தான் மதிப்பேன்.

தொடங்க வேண்டிய இடம் என்றால் சு. தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'. எல்லாம் சின்னச் சின்னக் கட்டுரைகள், படுக்கப்போகும் முன் ஒன்று படிக்கலாம். அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர், திரைப்பட வரலாற்றாசிரியர், அதற்கும் மேலே காட்டைத் தெரிந்த மனிதர். உபதேசம் செய்யமாட்டார், பார்த்ததைச் சொல்வார். பிடித்துவிட்டால் அடுத்து அவரே தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் இந்தக் கிருஷ்ணன். இவ்வளவு சுத்தமான உரைநடையில் ஒரு ஓணானைப் பற்றிக்கூட எழுத முடியுமா என்று இருக்கும். இரண்டிலும் குடுவை கிடையாது, நிம்மதியாகப் படியுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்துவிட்டு எங்கள் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தில் இந்த வருடம் உழவே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அப்பா பேச மறுக்கிறார். யார் சரி? (ஒரு இளைஞர், திருவாரூர் பக்கம்)

பதில்: தம்பி, முதலில் அப்பாவிடம் போய்ப் பேசுங்கள். அப்புறம் அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை பென்சிலோடு படியுங்கள்.

மசானோபு ஃபுகுவோகா ஒரு தாவர நோய் வல்லுநர், யோகோஹாமா சுங்கத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு ஜப்பானின் ஷிக்கோகு தீவில் இருந்த அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு வந்து, மரங்களைக் கவாத்து செய்யாமல் இயற்கைக்கே விட்டுவிட்டார். என்ன ஆயிற்று? கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் செத்தன. இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காலங்காலமாக வெட்டிப் பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை வேளாண்மை ஆகாது, அது வெறும் கைவிடல்தான் என்பது அவர் அங்கே கற்ற பாடம். அந்தப் பக்கத்தைத்தான் நம் ஆட்கள் வேகமாகத் திருப்பிவிடுகிறார்கள்.

நெல் விஷயத்தில் அவர் செய்தது இதுதான். இலையுதிர் காலத்தில் நெல் அறுப்புக்கு முன்பே, நிற்கும் பயிருக்குள் குளோவர் என்கிற தீவனப் பயறுச் செடியையும் பார்லியையும் தூவிவிடுவார். அறுத்த வைக்கோலை வெட்டாமல் அப்படியே வயலில் பரப்புவார். அடுத்த நெல் விதையைக் களிமண் உருண்டைக்குள் வைத்து, பார்லி நிற்கும்போதே போட்டுவிடுவார். ஜூன் மழையில் சில நாள் மட்டும் தண்ணீர் கட்டிக் களையை அடக்குவார். புத்தகம் எழுதும்போது அந்த நிலம் உழப்பட்டு 25 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உங்கள் ஊரில் பார்லி கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால்தான் குறுவை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை வந்து வயலைக் குளமாக்கும், அதற்கு நடுவில் சம்பா தாளடிக் கணக்கு. ஷிக்கோகுவின் நாள்காட்டியை அப்படியே கொண்டுவந்து டெல்டாவில் மாட்ட முடியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பது உங்கள் பகுதியில் வழிவழியாக வந்த பழக்கம்தானே? உழவில்லை, பாசனமில்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலுமே விளையும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். அது ஃபுகுவோகாவின் முறைக்கு அக்கா தங்கை மாதிரி. அறுவடை இயந்திரம் வந்து முளைத்த பயறை நசுக்குகிறது, வைக்கோலும் கட்டுக்கட்டாக வெளியே போய்விடுகிறது என்பதால்தான் பல இடங்களில் அது நொண்டுகிறது. உங்கள் புரட்சியை அங்கே தொடங்கலாம். மூன்று மாவில் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கி, பலதானியம் விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுது, அடுத்த போகத்துக்கு வைக்கோலால் மூடாக்குப் போட்டுப் பாருங்கள். நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' வீட்டில் இல்லையென்றால் அதை அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள், அவர் பேசுகிற மொழியிலேயே அது இருக்கும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கும் இருவருமாகப் போய்வரலாம். நெல் ஜெயராமன் மறைந்து வருடங்கள் ஆனாலும் அவர் மீட்டெடுத்த 174 பாரம்பரிய ரகங்களின் தொடர்ச்சி அங்கே இருக்கிறது. வெள்ளத்தில் நிற்கும் ரகம் எது, வறட்சி தாங்கும் ரகம் எது என்று பேச ஆரம்பித்தால் அப்பா தானாக வாய் திறப்பார்.

கேள்வி: மரத்தை வெட்டிக் காகிதம் செய்து, அதில் மரத்தை வெட்டாதே என்று அச்சடிப்பது வேடிக்கையாக இல்லையா? (கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. ஒரு புத்தகத்தை நூலகத்தில் நூறு பேர் படிக்கிறார்கள். நீங்கள் வாங்கிப் பிரிக்காமலே அடுக்கிவைத்திருக்கும் புத்தகங்கள் பற்றிக் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. "வானத்தை எப்படி விற்க முடியும், வாங்க முடியும்" என்று செவ்விந்தியத் தலைவர் சியாட்டல் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தை வருடாவருடம் சுற்றுச்சூழல் நாளன்று மாணவர்களை விட்டு வாசிக்கச் சொல்வேன். அது போலி என்று ஒரு சக ஆசிரியர் சொல்கிறார். உண்மையா? (ஒரு ஆசிரியை, விருதுநகர்)

பதில்: உங்கள் சக ஆசிரியர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை, அம்மா. சியாட்டல் என்ற தலைவர் இருந்தார், அவர் பெயரில்தான் அந்த நகரமே இருக்கிறது. 1854 வாக்கில் நிலத்தை ஒப்படைப்பது தொடர்பாக ஒரு பேச்சுப் பேசினார். அதை அவர் மொழியிலிருந்து யாரோ பெயர்க்க, கேட்டுக் குறிப்பெடுத்ததாகச் சொன்ன ஹென்றி ஸ்மித் என்ற மருத்துவர் முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து 1887இல் ஒரு செய்தித்தாளில் வெளியிட்டார். அதிலேயே எவ்வளவு சியாட்டல், எவ்வளவு ஸ்மித் என்று சண்டை உண்டு. நாம் வாசிப்பது அதுவும் கிடையாது. டெட் பெரி என்ற திரைக்கதை ஆசிரியர் 1970களின் தொடக்கத்தில் 'ஹோம்' என்ற தொலைக்காட்சிப் படத்துக்காக எழுதிய வசனம் அது. படம் 1972இல் வந்தது, அவர் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள், வசனம் கடிதமாக மாறி உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. குடியரசுத் தலைவருக்கு அப்படி ஒரு கடிதம் போனதாக எந்த ஆவணமும் கிடைத்ததில்லை.

மாணவர்களே கண்டுபிடிக்கும்படி ஒரு வேலை கொடுங்களேன். ரயிலில் போனவர்கள் சுட்டுப்போட்ட ஆயிரம் காட்டெருமைகள் சமவெளியில் அழுகிக் கிடந்ததைப் பார்த்தேன் என்று அதில் ஒரு வரி வரும். சியாட்டல் வாழ்ந்தது பசிபிக் கடலோரக் காட்டில், அங்கே காட்டெருமைச் சமவெளி கிடையாது. அவர் இறந்தது 1866இல், கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்ததே 1869இல். பிள்ளைகள் வரைபடத்தையும் தேதிகளையும் வைத்துக்கொண்டு இதைப் பிடித்தால் அவர்களுக்கு வரும் சந்தோஷம் தனி.

வாசிக்கவே கூடாதா என்றால், தாராளமாக வாசிக்கலாம், திரைக்கதை ஆசிரியர் எழுதியது என்று சொல்லிவிட்டு. அதோடு நிஜமாகவே பழங்குடிகள் சொல்லி, சட்டப்படி பதிவான ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை எடுக்கலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின, 12உம் வேண்டாம் என்றன. டோங்ரியா கோண்ட் மக்களுக்கு அந்த மலையே தெய்வம். கவித்துவம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் மலை இன்னும் தோண்டப்படாமல் நிற்கிறது.

கேள்வி: பருத்திப் பையை ஏழாயிரம் முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்று ஒரு நூலில் படித்தேன். அப்படியானால் மஞ்சப்பை ஏமாற்றா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: அந்த 7,100 என்ற எண் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. எண் சரி, அதை எடுத்தாளும் விதம்தான் கோணல். பருத்தி விளைவித்து நெய்யும்போது உண்டாகும் பாதிப்புகளை, ஓசோன் படலம் உட்பட, பல தலைப்பில் கணக்குப் போட்டு அதில் மிக மோசமான தலைப்பின் எண்ணைத்தான் 7,100 என்கிறார்கள். காலநிலை பாதிப்பை மட்டும் எடுத்தால் 52 முறை போதும் என்று அதே ஆய்வு சொல்கிறது. வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் ஒரே வருடத்தில் கணக்கு நேர். இன்னொன்று, தூக்கியெறிந்த பை என்ன செய்கிறது என்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது. டென்மார்க்கில் அது கடைசியில் குப்பைக் கூடைக்கு உறையாகி எரி உலைக்குப் போகிறது. இங்கே சாக்கடையை அடைக்கிறது, மாட்டு வயிற்றுக்குள் போகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததற்குக் காரணமே அதுதான்.

ஆனாலும் அந்த ஆய்வில் நமக்கு ஒரு குட்டு இருக்கிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பை, கடைக்குக் கடை இலவசப் பை என்று வீட்டில் முப்பது துணிப்பை சேர்ந்து, ஒன்றுகூடக் கடைக்குப் போகும்போது கையில் இல்லையென்றால் அது பிளாஸ்டிக்கைவிட மோசம்தான். துணி மாதிரியே தெரியும் நெய்யாத பை ஒன்று கொடுக்கிறார்களே, அது துணியே கிடையாது, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் தீக்குச்சி வைத்தால் உருகும். பழைய வேட்டி, பழைய பாவாடையில் தைத்த பைக்கு இந்த 52உம் வேண்டாம், 7,100உம் வேண்டாம், அதற்காகப் புதிதாக யாரும் பருத்தி விளைவிக்கவில்லை.

கேள்வி: ஐயா, என் பேரன் பெங்களூருவில் படிக்கிறான். 'ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்' என்ற பொருளாதாரப் புத்தகத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறான். நம் ஆட்கள் யாரும் இதையெல்லாம் எழுதவில்லையா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை)

பதில்: எழுதியிருக்கிறார்கள் ஐயா, அதுவும் உங்கள் மதுரையிலேயே கண்ணை மூடியவர். பேரனிடம் அந்தப் புத்தகத்தில் பௌத்தப் பொருளாதாரம் என்ற அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 1973இல் வந்த அந்த நூலில், அதை எழுதிய ஷூமாக்கர் ஒரு இந்தியரை மேற்கோள் காட்டுவார், ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். வெள்ளைக்காரன் வரிவிதிப்பால் இந்தியா எப்படி ஏழையானது என்று ஆராய்ந்ததுதான் அவரைத் திருப்பிப்போட்டது. 1929இல் காந்தியைச் சந்தித்தார், கோட்டு சூட்டு கதராக மாறியது.

அவருடைய முக்கியமான நூல் 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. வெள்ளையனே வெளியேறு காலத்தில் சிறையில் இருந்தபோது எழுதினார், 1945இல் காந்தி முன்னுரை கொடுத்தார். நிலைத்து நிற்கும் வளத்தை வைத்து வாழ்வதா, எடுத்தால் தீர்ந்துபோகும் வளத்தை வைத்து வாழ்வதா என்ற கேள்வியை, இன்று எல்லா மாநாட்டிலும் பேசுகிறார்களே, அதை எண்பது வருடம் முன்பே போட்டு உடைத்திருக்கிறார். பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. மாந்தோப்பில் தண்ணீர் ஊற்றாமல் பழத்தை மட்டும் பறிக்கும் குரங்கு ஒரு வகை. தேனை எடுக்கும்போதே பூவைக் காய்க்கவைக்கும் தேனீ, அதே தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காக உழைப்பது, கடைசியாகக் குஞ்சுக்கு இரை தேடி அலையும் தாய்ப்பறவை. நாம் இருப்பது எந்த வகை என்று அவர் கேட்காமலே வாசகருக்கு உறைக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடை வறண்டது, அங்கங்கே மடத்துச் சாமியார் தொனி எட்டிப்பார்க்கும். ஆலையில் தீட்டிய அரிசியை அவர் திட்டுகிற வேகத்தில் நமக்கே சோற்றைத் தொடக் கூச்சமாக இருக்கும். ஆனால் நல்ல விளைநிலத்தைக் கரும்புக்குக் கொடுக்காமல் பனையிலிருந்து வெல்லம் எடுங்கள், அந்த நிலத்தில் தானியம் விளையட்டும் என்று சொன்னாரே, பனைக்காக இப்போது பேசுகிறவர்கள்கூட அவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்வதில்லை. கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்தார். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் மறைந்தார். பேரன் விடுமுறைக்கு வரும்போது கல்லுப்பட்டிக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸிலேயே போய்வந்துவிடலாம்.

கேள்வி: ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நூலால் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தடை செய்து, அதனால் மலேரியாவில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். இன்னும் அதைப் படிக்கத்தான் வேண்டுமா? (ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இந்தக் கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. புத்தகம் 1962இல் வந்தது, கார்சன் புற்றுநோயால் 1964இல் இறந்துவிட்டார். அமெரிக்கா டி.டி.டி.யை விவசாயத்தில் தடை செய்தது 1972இல், அது அமெரிக்காவுக்குள் மட்டும். உலக அளவில் 2001இல் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம்கூட நோய் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்த டி.டி.டி.க்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. இந்தியா அதை நிறுத்தாமல் தயாரித்துக்கொண்டேதான் இருந்தது.

நம் நாட்டுக் கணக்கையே பாருங்களேன். 1958இல் மலேரியாவை ஒழித்தே தீருவது என்று இறங்கினார்கள், டி.டி.டி. அடித்தார்கள், 1965 வாக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குத்தான் நோய் என்ற நிலை வந்தது. உண்மையிலேயே பெரிய சாதனை. பிறகு 1976இல் 64 லட்சத்துக்கு ஏறிவிட்டது. அப்போது இங்கே டி.டி.டி.க்குத் தடை ஏதும் இல்லை. கொசு அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது ஒரு முக்கியக் காரணம், திட்டம் தளர்ந்துபோனது இன்னொன்று. கண்டபடி அடித்தால் பூச்சிக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிடும், அப்புறம் உண்மையிலேயே தேவைப்படும்போது கையில் ஆயுதம் இருக்காது என்று கார்சன் அந்தப் புத்தகத்திலேயே எச்சரித்திருக்கிறார். வீடியோ போட்டவர் அதுவரை போகவில்லை போலிருக்கிறது.

படியுங்கள். ஆரம்பத்தில் பறவைகள் சத்தமில்லாத ஒரு கற்பனை ஊர் வரும், அதைப் பார்த்து இது கதைப் புத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம், பிறகு வருவதெல்லாம் ஆதாரம். படித்து முடித்ததும் காசர்கோடு பற்றித் தேடிப் பாருங்கள். முந்திரித் தோட்டங்கள்மேல் ஹெலிகாப்டரில் இருபது வருடத்துக்கும் மேல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள், தோட்டம் கேரள அரசு நிறுவனத்துக்குச் சொந்தமானது. உச்ச நீதிமன்றத் தடை வர 2011 ஆயிற்று.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு என்ன வாங்கித் தரலாம்? பூமியைக் காப்போம் மாதிரிப் புத்தகங்கள் அவளுக்குப் போரடிக்கிறதாம். (ஒரு அப்பா, செங்கல்பட்டு)

பதில்: எனக்கும்தான் போரடிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் பனிப்பாறை உருகுவதைச் சொல்லிப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து செய்த 'பறவைகள்: அறிமுகக் கையேடு' க்ரியா வெளியீடாக வந்தது, படங்களோடு கைக்கு அடக்கமாக இருக்கும். அதைக் கையில் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். மைனா, கரிச்சான், செம்போத்து, கூட்டமாக வந்து கத்தும் தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, இவ்வளவும் செங்கல்பட்டில் வீட்டைச் சுற்றியே கிடைக்கும். ஏரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர், தண்ணீர் நிற்கும் மாதங்களில் நீர்ப்பறவைக்கும் குறைவிருக்காது. கோவை சதாசிவத்தின் 'ஊர்ப்புறத்துப் பறவைகள்' நீங்கள் வாசித்துக் காட்டலாம். 2015இலிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் நின்று எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும், அப்பாவும் மகளுமாகச் சேர்ந்துகொள்ளலாம்.

செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், ஆதி வள்ளியப்பனின் 'சிட்டு' நூலை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில், நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது.

கேள்வி: கட்டுரை எல்லாம் வேண்டாம் சார், கதையாக ஏதாவது? (தூத்துக்குடி)

பதில்: ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காக வைத்து, நீலகிரியில் படகர் வாழ்க்கைக்குள் தேயிலையும் பணமும் அணையும் எப்படி வருகின்றன என்று சொல்கிற நாவல். 1963இல் எழுதியது, சூழல் நாவல் என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்பே. நக்கீரனின் 'காடோடி' போர்னியோ மழைக்காட்டில் மரம் வெட்டும் முகாமில் வேலை பார்க்கும் ஒரு தமிழன் சொல்கிற கதை, காட்டை அழிப்பவர்கள் பக்கமிருந்தே காட்டைப் பார்க்கவைப்பதுதான் அதன் பலம். ஒரே இரவில் படிக்க வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'யானை டாக்டர்', டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜ மனிதரை வைத்து எழுதியது. படித்தபின் காட்டுக்குள் பீர் பாட்டில் உடைப்பவனைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டீர்கள்.

ஜீன் ஜியோனோவின் மரம் நடும் இடையன் கதையையும் நிறையப் பேர் சிபாரிசு செய்கிறார்கள். அழகான கதைதான், ஆனால் கதை. அந்த இடையன் கற்பனைப் பாத்திரம் என்று ஜியோனோவே 1957இல் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். உண்மைச் சம்பவம் என்று பகிர்கிறவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள்.

கேள்வி: ஒரு கோப்பை காப்பிக்கு 140 லிட்டர் தண்ணீர் செலவாகிறதாமே, காப்பியை விட்டுவிடலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: கும்பகோணத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! ஒரு பொருளை உருவாக்கக் கண்ணுக்குத் தெரியாமல் செலவாகும் தண்ணீரைச் சொல்லும் மறைநீர் என்கிற கணக்கு இது, டோனி ஆலன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் முன்வைத்தது, அதற்காக 2008இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசும் வாங்கினார். தமிழில் நக்கீரனின் 'கண்ணுக்குத் தெரியாமல் களவு போகும் நீர்' சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். 140 லிட்டரும் குழாயைத் திறந்து ஊற்றியது என்று நினைக்க வேண்டாம். காப்பிச் செடி குடித்ததில் மிகப் பெரும்பகுதி மலைமேல் பெய்த மழை, செடி இல்லாவிட்டாலும் அது அங்கே பெய்திருக்கும். அந்த இடத்தில் சோலைக்காடு இருந்ததா என்பது வேறு கேள்வி, ஆனால் உங்கள் ஊர் நிலத்தடி நீரை டம்ளரில் ஊற்றிக் குடிக்கவில்லை நீங்கள்.

கவலைப்பட வேண்டியது மறைநீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பற்றி. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் என்பார்கள். அதில் பருத்திக் காட்டுத் தண்ணீர் எங்கோ செலவாகியிருக்கும், சாயத் தண்ணீர் திருப்பூரின் நொய்யல் ஆற்றில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குக் கட்டி, கடைசியில் சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குப் போனது. காப்பியைக் குடியுங்கள், மூன்றாவது கோப்பையை வேண்டுமானால் உடம்புக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புத்தகத்தில் சொன்னபடியே சமையலறைக் கழிவை ஒரு பக்கெட்டில் போட்டு உரம் செய்கிறேன். நாற்றம் தாங்கவில்லை, புழு வேறு. மாமியார் முறைக்கிறார். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: எந்தப் புத்தகம் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் காய்ந்த இலை பற்றி அது ஒரு வரியோடு முடித்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். காய்கறித் தோலில் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். அதை மட்டும் போட்டு மூடினால் காற்றில்லாமல் அழுகத்தான் செய்யும், மட்கியுரம் ஆகாது. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்தது போடுங்கள். தெருவில் கூட்டிக் குவித்திருக்கும் சருகு, தேங்காய் நார்த் தூள், மரத்தூள், கிழித்த அட்டைப்பெட்டி எதுவானாலும் சரி. பக்கெட் அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை இருக்க வேண்டும், அடியில் ஒரு தட்டு. வாரம் இரண்டு தடவை கிளறுங்கள். தயிர்ச்சோறு, குழம்பு, மீன் முள் இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். முதல் முறை தொடங்கும்போது கொஞ்சம் புளித்த மோரோ, ஏற்கெனவே மட்கிய உரம் ஒரு கையோ சேர்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

புழு சாம்பல் நிறத்தில் தட்டையாக, கொஞ்சம் தடித்ததாக இருந்தால் அது படைவீரன் ஈயின் புழு, ஒன்றும் செய்யாது, கழிவைச் சீக்கிரம் தின்று முடிக்கும். வெள்ளையாகச் சின்னதாக நெளிந்தால் வீட்டு ஈ, ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் இரண்டு பிடி சருகு மேலே போட்டு மூடுங்கள். சரியாக மட்கினால் இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசனை வரும். மாமியாருக்கு மாடியில் ரோஜாத் தொட்டி இருந்தால் முதல் பக்கெட் உரத்தை அதற்குப் போட்டுவிடுங்கள்.